செவப்பு நோட்டு கையில இருக்க வரைக்கும்

நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் இந்த பஸ்ஸு பாறசாலை தாண்டப்பிடாது சார்.

ஐயோ, வேண்டாம் வேண்டாம். நானும் இதுலதான இருக்கேன். இந்த டிரைவரு போற போக்கப் பாத்தா, நான் சத்தியம் செய்யாமலே தாண்டாது போலிருக்கு. மாத்திச் சொல்லுகேன். பொய்யின்னா எனக்க நாக்கு உப்புல விழுந்த அட்டை மாதிரி சுருண்டு போவட்டு. போதுமா? இதுக்கு மேல சத்தியம் வேணும்னா நீங்க கோர்ட்டுக்குத்தான் போவணும்.

அந்தப் பைய மிதிச்சிராதிய. மீனு இருக்கு. ஆமா, பொரிச்ச நெய்மீன். நீங்க மூக்கப் பொத்தினா நான் எங்க போவேன்? எனக்கே அந்த வாசம் ஆவாது. மீன் தின்னு பதினோரு வருசமாச்சு. பொறவு எதுக்குக் கொண்டு போறேன்னு கேக்கியளா? அதுதான் கதை. நீங்க எங்க எறங்கணும்? நெய்யாற்றின்கரையா? அப்ப வேகமாச் சொல்லணும். நான் திருவனந்தபுரம் போயி, அங்க ஏரோப்ளேன் பிடிச்சு இஸ்ரவேலுக்குப் போறேன்.

சிரிக்காதிய. வேதத்துல வருமே, அதே இஸ்ரவேல்தான். வயசானவங்களப் பாத்துக்கிடுத வேலை. எட்டு வருசமாச்சு. போன தடவ வந்தப்ப எங்க பாஸ்டர் கேட்டாரு, "லீலாபாய், யோர்தான் தண்ணி கொண்டாந்தியாம்மா?" நான் கொண்டாந்தது முட்டு வலிதான் ஐயரே, வேணும்னா பாதி எடுத்துக்கிடுங்கன்னேன். அன்னையிலருந்து அவரு எனக்கு ஸ்தோத்திரம் சொல்லுகதில்ல.

நான் பாத்துக்கிடுதது ரூமா சேச்சிய. அவிய யூதரு. ஆனா பிறந்தது கொச்சி பக்கம், சேந்தமங்கலம். சின்னதுல அம்மையப்பனோட கப்பலேறிப் போனவ. அங்க ஒரு கிராமத்துல கோழிப்பண்ணை வெச்சு, புருசன அடக்கம் பண்ணி, ரெண்டு பயலுவள டவுனுக்கு அனுப்பிட்டு, இடுப்பெலும்ப முறிச்சுக்கிட்டுக் கெடக்கா. அந்தப் பாசை எனக்குத் தெரியாது. அவ மலையாளம் பேசுவா, நான் எனக்க தமிழ் பேசுவேன். சண்டை போட ரெண்டும் தாராளம்.

அந்த ஊர்க்காரங்களப் பத்தி ஒண்ணு சொல்லுகேன், கேளுங்க. அங்க ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு சாமான் இருக்கும். அவியளுக்கு இல்ல, ஊருக்கு. ஒரு வீட்டுல தொட்டில். ஒரு வீட்டுல மடக்கு நாற்காலி. ஒருத்தி வீட்டுல கலியாண உடுப்பு மட்டும் பதினாலு தொங்குது, எந்தப் பொண்ணு வேணும்னாலும் உடுத்திட்டுத் திருப்பிக் குடுக்கணும். வாடகையா? வாடகைன்னு சொன்னா அடிக்க வந்துருவாவ. சேச்சி வீட்டுல ஊன்றுகோலும் தள்ளு நாற்காலியும். கால் ஒடிஞ்சவன், கை ஒடிஞ்சவன், எல்லாவனும் சொந்த மாமியார் வீடு மாதிரி உள்ள வந்து எடுத்துட்டுப் போவான். ஒரு நன்றி? ஒரு கும்பிடு? கிடையாது.

சேச்சி இடுப்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னைக்கு வீட்டுல ஒரு கம்பு இல்ல சார். எல்லாம் ஊருக்குப் போயிருக்கு. ஊருக்கே ஊன்றுகோல் குடுக்குத வீட்டுல சேச்சி செவரப் பிடிச்சு நடக்கா. எனக்கு வந்துதே கோவம்! மூணாவது வீட்டுக்காரன் கால் சொகமாயி பந்து விளையாடுகான், கம்பு இன்னும் அவன் வீட்டு வாசல்ல சாஞ்சு நிக்கி. நான் போயிப் பிடுங்கிட்டு வந்துட்டேன். சேச்சி என்ன சொன்னா தெரியுமா? "எடீ லீலே, அவன் மனசு சங்கடப்படும், கொண்டு போயி வெச்சிட்டு வா." இடுப்பு முறிஞ்ச பொம்பள சொல்லுகா! வெச்சிட்டு வந்தேன். அவன் மறுநா அவனாக் கொண்டாந்து குடுத்தான். சேச்சி அதுக்கு அவனுக்கு கேக்கு வேற குடுத்தா.

அடுக்களை ஜன்னல்ல ஒரு நீல தகர டப்பா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்குத் திரி கொளுத்துததுக்கு முன்னால அதுல சில்லறை போடணும். பொறவுதான் விளக்கு. தர்மத்துக்கு உள்ளது. மாசம் ஒருக்க ஒருத்தர் வந்து தட்டி எடுத்துட்டுப் போவாரு. அது போவ, வெள்ளிக்கிழமை காலையில ஒரு மனுசன் கையேந்தி வருவான். தாடியெல்லாம் காப்பிக்கறை. சேச்சி அவனுக்குச் சில்லறை குடுப்பா. அவன் வாங்கி எண்ணி, அதுல ஒண்ண எடுத்து, அதே நீல டப்பாக்குள்ள டங்குன்னு போடுவான். போட்டுட்டு, ஜமீன்தார் மாதிரி நிமிந்து போவான். "ஓய், பிச்சக்காரன் தர்மம் பண்ணுகதுக்கு உனக்கு என்ன கேடு?"ன்னு நான் ஒரு நா தமிழ்லயே கேட்டேன். சேச்சிதான் பதில் சொன்னா. "வாங்குறவனும் குடுக்கணும்டீ. அவனும் மனுசன்தானே." எனக்குப் பிடிபடல. இப்பவும் பிடிபடல. உள்ளதச் சொல்லுகேன்.

தக்கலை வந்துட்டா? இவன் பறக்கான் சார்.

சரி. மூணு மாசம் முந்தி லீவுல பொறப்படுகேன். பெட்டி கட்டியாச்சு. சேச்சி ஒரு செவப்பு நோட்ட நீட்டுகா. இருபது ஷெக்கல். நம்ம ஊரு கணக்குக்கு நானூறு, நானூத்தம்பது வரும்.

"இன்னா பிடி. இது உனக்கில்ல."

"எனக்கில்லாதத எனக்கு எதுக்குத் தாறிய?"

"உனக்க நாட்டுல ஏழை உண்டா?"

"எண்ணி முடியாது சேச்சி."

"ஒருத்தருக்குக் குடு. தர்மத்துக்குத் தூது போறவளுக்கு வழியில ஒரு கேடும் வராது. எங்க அம்மை கப்பலேறும்போதும் ஒருத்தர் ரெண்டணா குடுத்து விட்டாரு. கடல் தாண்டிச் சேந்தோமா இல்லியா?"

அதாவது அவியளுக்குள்ள வழக்கம் அது. தூரம் போறவங்க கையில, போற எடத்துல குடுன்னு ஒரு தர்மக்காசு குடுத்து விடுவாவ. நம்ம சொந்தக் காசா இருந்தா ஆவாது. அடுத்தவங்க குடுத்து விட்டாத்தான் தூது. நல்லா ஞாபகம் வெச்சுக்கிடுங்க, கடைசில வேண்டி வரும்.

நான் இதெல்லாம் நம்புகவ இல்ல. ஆனா பாருங்க, ஏரோப்ளேன் நடுவானத்துல கிடந்து ஆடுச்சு, நான் நோட்டப் பிடிச்சேன், ஆட்டம் நின்னுட்டு. ஏர்போட்டுலருந்து வந்த கார் பாறசாலையில டயர் வெடிச்சு ஒரு சுத்து சுத்தி வாழைக்கடை ஓரத்துல போய் நின்னுச்சு. எனக்கு ஒரு கீறல் இல்ல. நோட்ட எடுத்துப் பாத்தேன். பரவால்லியே சவம், வேலை செய்யுதேன்னு நினைச்சேன்.

ஆனா குடுக்கணுமே. வடசேரி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் இருப்பான், ஒத்தக்காலு. அவன் கையில வெச்சேன். வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாத்தான். "அக்கா, இது எந்த மாசக் குலுக்கல்?"ங்கான். கேரளா லாட்டரின்னு நினைச்சிட்டான்! இது வெளிநாட்டு ரூவாடேன்னேன். "அப்ப வெளிநாட்டுப் பிச்சக்காரனுக்குக் குடுங்க. எனக்கு ஒரு டீ வாங்கித் தாங்க போதும்." டீயும் வடையும் வாங்கிக் குடுத்துட்டு நோட்டோட வீட்டுக்கு வந்துட்டேன்.

அப்பதான் ஜெசிந்தா நினைப்பு வந்துது.

ஜெசிந்தா எனக்க புருசனுக்குத் தங்கச்சி. மதிலுக்கு அந்தப்பக்கம் வீடு. கட்டுனவன் விட்டுட்டுப் போயி இருவது வருசம். அண்டி ஆபீஸ்ல முந்திரி உடைக்கா. வெரலெல்லாம் கருத்து, தோலு உரிஞ்சு கெடக்கும். இப்ப நெஞ்சுல வேற சீக்கு, நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்கும். அவளவிட ஏழைய நான் எங்க போயித் தேட? ஆனா நாங்க ரெண்டுபேரும் பேசி பதினோரு வருசம்.

காரணம் என்னன்னா... ஒண்ணுமில்ல. எனக்க புருசன் தேவசகாயம் ஒரு ஞாயித்துக்கிழமை குளச்சலுக்கு மீன் வாங்கப் போனாரு. நான்தான் அனுப்புனேன். பைய கையில குடுத்து, நெய்மீன் கிடைச்சா வாங்குங்கன்னேன். பைக்குல போனாரு. லாரி. அவ்வளவுதான். அடக்கத்து அன்னைக்கு ஜெசிந்தா பெட்டிமேல விழுந்து சொன்னா, "மைனி, நீங்கதான மீனுக்கு அனுப்புனிய." எல்லாவரும் கேக்க சொன்னா. அனுப்புனது நான்தான? பைய மட்டும் குடுத்து வெறுங்கையா அனுப்புனேன். அன்னைக்கு இந்தத் தூது சமாச்சாரம் தெரிஞ்சிருந்தா...

விடுங்க. அழகியமண்டபம் தாண்டியாச்சா?

மதிலுக்கு மேல எட்டிப் பாத்துக் கூப்பிட்டேன். "ஏட்டி ஜெசிந்தா, இன்னா பிடி. ஏழைக்குக் குடுக்கச் சொல்லி விட்டிருக்காவ."

சொன்ன விதம் சரியில்லன்னு எனக்க மோள் சொல்லுகா. இதுல என்ன சார் தப்பு? உள்ளதத்தான சொன்னேன்?

அவ நோட்டப் பாத்தா. என்னையப் பாத்தா. "அண்ணன அனுப்பிச்சுக் கொன்னாச்சு. இப்ப எனக்குப் பிச்ச போட வந்தியளா மைனி?" நோட்டக் கசக்கி எறிஞ்சா. கோழிக்கு வெச்ச தண்ணிக்குள்ள வந்து விழுந்துது. அதுக்குள்ள கெடந்தத எடுத்துக் கழுவி, அயன் பாக்ஸ் வெச்சுத் தேச்சேன். பதினோரு வருசம் கழிச்சுப் பேசுன பேச்சு அது!

தேய்க்கும்போதுதான் எனக்கு புத்தி வந்துது. சேச்சி என்ன சொன்னா? தூது போறவளுக்குக் கேடு வராது. குடுத்துட்டா? தூது முடிஞ்சுது. காவலும் முடிஞ்சுது. அப்ப குடுக்காம இருந்தா? சாவுற வரைக்கும் காவல்தான! யோசிச்சுப் பாருங்க. அத்தன நூறு வருசமா அந்த யூதருக்கு ஒருத்தருக்கும் இது தோணல. நாலாங்கிளாஸ் படிச்ச எனக்குத் தோணிச்சு.

நோட்ட மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள ஊக்கு வெச்சுக் குத்திட்டேன்.

சனிக்கிழமை பொழுது அடஞ்சதும் சேச்சி போன் பண்ணுவா. அதுக்கு முந்தி போனத் தொடமாட்டா, ஓய்வு நாளு.

"குடுத்தியோடீ?"

"இல்ல."

"ஏன்?"

சொன்னேன். சேச்சி இருமுகாளா சிரிக்காளான்னு தெரியல. "லீலே, தூதுன்னா போய்ச் சேரணும்டீ."

"சேரணும்னு சொன்னிய. என்னைக்குன்னு சொல்லலியே!"

நான் போன்ல கொஞ்சம் உரக்கப் பேசுவேன். இஸ்ரவேல் தூரமில்லியா. அது ஊர் முழுக்கக் கேட்டுப் போச்சு. கோயில்ல ஒருத்தி சொல்லுகா, "ஏழைக்குக் குடுக்க வேண்டிய காச அமுக்கிட்டா." பாஸ்டர் அம்மை பிரசங்கம் மாதிரி பெருமூச்சு விடுகா. நான் பயந்தேனா? நெஞ்சத் தட்டிக் காட்டுனேன். "இன்னா இருக்கு, நெஞ்சுலதான் இருக்கு, எவளுக்கு தைரியம் உண்டோ வந்து எடுங்க." ஒருத்தியும் வரல. அந்த வாரம் முற்றத்துல தென்னைமட்டை ஒண்ணு விழுந்துது, அதுவும் எனக்கு ஒரு அடி தள்ளித்தான். நான் யாருக்குப் பயப்படணும்?

இப்படி ஒரு மாசம் போச்சு. ஜெசிந்தா அண்டி ஆபீஸ்ல மயங்கி விழுந்துட்டா. நெஞ்சுல வால்வு போச்சாம். திருவனந்தபுரத்துல ஆப்பரேசன். அரசாங்க கார்டு இருக்கு, பைசா கட்ட வேண்டாம். போயிப் படுத்தாப் போதும். வேனும் வந்து வாசல்ல நிக்கி.

அவ வரமாட்டேங்கா.

நடையில உக்காந்துட்டா. ரோட்டுல போனா அண்ணன மாதிரி வழியிலயே செத்துருவேன், செத்தா வீட்டுலயே சாவுகேன்னு ஒரே பிடி. பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க கெஞ்சுகு. பாஸ்டர் ஜெபிக்காரு. டிரைவரு ஹாரன் அடிச்சுத் தள்ளுகான். எனக்கு அந்த ஹாரன் சத்தம் தாங்கல சார். அதுக்காவத்தான் போனேன். வேற ஒண்ணுக்குமில்ல. தலைவலி எனக்கு.

கூட்டத்த விலக்கிட்டுப் போயி அவ முன்னால நின்னேன். ஊக்கக் கழத்துனேன். கழத்துன அவசரத்துல ஊக்கு குத்தி ரத்தம் வந்துட்டு.

"ஏட்டி, இன்னா. இது உனக்கில்ல."

தலையத் தூக்கிப் பாத்தா. "பொறவு ஆருக்கு?"

"திருவனந்தபுரத்துல ஒரு ஏழைக்கு. நீ கொண்டு போயிக் குடுக்கணும். நீ தூதுக்காரி. தர்மத்துக்குத் தூது போறவளுக்கு வழியில ஒண்ணும் ஆவாது. நான் டயர் வெடிச்சும் உயிரோட நிக்கேன், பாத்தியா?"

"எனக்குப் பிச்ச இல்லியே?"

"உனக்க திமிருக்கு எவ போடுவா பிச்ச? நீ குடுக்கப் போறவட்டி. நல்ல ஏழையாப் பாத்துக் குடு. கண்ட குடிகாரனுக்குக் குடுத்துராத."

கையில வாங்குனா சார். அந்தக் கருத்த வெரலால நோட்ட நீவி நீவி நாலா மடிச்சு உள்ளங்கையில வெச்சு மூடிக்கிட்டா. எந்திரிச்சா. மூச்சு வாங்குது, ஆனா நிமிந்து நடந்தா. ஒருத்தர் கையும் பிடிக்கல. ஜமீன்தார் மாதிரி நடந்து போயி வேன்ல ஏறுனா. அந்த நடைய நான் எங்கயோ பாத்திருக்கேன். எங்கன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஞாபகம் வரமாட்டேங்கு.

வேனு போன பொறவுதான் எனக்கு நினைப்பு வந்துது. எனக்க காவல அவகிட்டக் குடுத்துட்டேனே! நாலு நா வீட்ட விட்டு வெளிய வரல. சோறு எறங்கல. முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணுனேன், எனக்காவத்தான். அவளுக்க பேரும் நடுநடுவுல வந்திருக்கும், வாய் தவறி.

மார்த்தாண்டம் பாலத்து மேல ஏறிட்டான். பாத்தியளா ஓவர்டேக்க? பாவி.

மூணு வாரம் கழிச்சு வந்துட்டா. சொகமா வந்துட்டா. நெஞ்சுல நெட்டுக்குத் தையல். நான் மதில்ல நின்னு கேட்டேன், "எப்படி இருக்க"ன்னு இல்ல, அது எனக்கு எதுக்கு? "குடுத்தியா?"ன்னுதான் கேட்டேன்.

"இல்ல மைனி."

"ஏட்டி, ஏன்?"

"குடுத்தா தூது முடிஞ்சுரும்லா? டாக்டரு இன்னும் ஆறு மாசம் மருந்து தின்னச் சொல்லியிருக்காரு."

களவாணி! எனக்க புத்திய எனக்கே திருப்பித் தாறா! மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்து போன்ல நான் பேசுனத முழுக்கக் கேட்டிருக்கா. பேசாம இருந்த பதினோரு வருசமும் காத மட்டும் இந்தப் பக்கம்தான் வெச்சிருந்திருக்கா சார்!

சேச்சிகிட்டச் சொன்னேன். நோட்டு அவகிட்டப் போச்சு, அவ திருப்பித் தரமாட்டேங்கான்னு முழுசும் சொன்னேன். சேச்சி போன்லயே அழுதுட்டா. தேம்பித் தேம்பி. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. இருவது ஷெக்கலுக்கு! ஐயாயிரம் கோழி வளத்த பொம்பள, இருவது ஷெக்கல் போச்சேன்னு அழுகா. வயசானா அப்படித்தான், பைசா மேல ஆசை கூடிரும். "நல்லது செஞ்ச லீலே"ன்னு சொல்லிச் சமாளிச்சா. நான் நம்பல. நான் வந்த பொறவு எனக்க சம்பளத்துல பிடிச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்.

இன்னைக்குக் காலையில பெட்டியத் தூக்கிட்டு வெளிய வாறேன். ஜெசிந்தா எனக்க வாசல்ல நிக்கா. கையில இந்தப் பை.

"வழியில தின்னுங்க மைனி. நெய்மீன்."

"நான் மீன் தின்னுகதில்லன்னு ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். நேத்து நானே குளச்சலுக்குப் போயி வாங்குனேன்."

நான் அவளையே பாத்தேன். அந்த ரோட்டுல அவளும் போனதில்ல, நானும் போனதில்ல, அன்னையிலருந்து.

"பஸ்ஸுல போனேன். பஸ்ஸுல வந்தேன்"ங்கா. நெஞ்ச லேசாத் தட்டிக் காட்டுகா, நோட்டு அங்கதான் இருக்கு. "ஒண்ணும் ஆவல, பாத்தியளா மைனி? போயிட்டு வாங்க."

எனக்குத் தெரியாதா சார்? லஞ்சம். சுத்தமான லஞ்சம். நோட்டத் திருப்பிக் கேட்டுரப்பிடாதுன்னு மீனக் குடுத்து வாய அடைக்கா. நானும் ஏமாந்தவ, வாங்கிட்டேன். கண்ணுல தூசி விழுந்து கெடந்துது, சண்டை போட முடியல. பஸ்ஸுல ஏறுன பொறவுதான் உறைச்சுது. அவகிட்ட ஒரு பத்து ரூவா தூதுக்கு வாங்கியிருக்கலாம். ஆனா அவகிட்டப் போயி நான் கை நீட்டவா? நடக்காது!

இப்ப பாருங்க. வடசேரியிலருந்து இம்புட்டு தூரம் காவலில்லாம வந்திருக்கேன். இதுக்கு மேல ஏரோப்ளேன். அங்க போயி எறங்குனா எப்ப சைரன் அடிக்கும்னு தெரியாது, சேச்சியத் தள்ளிட்டு பதுங்கு அறைக்கு ஓடணும். சொந்தக் காசு ஆவாதுன்னு முதல்லயே சொல்லிட்டேன், ஞாபகம் இருக்கா? அடுத்தவங்கதான் குடுத்து விடணும்.

ஏன் சார் ஜன்னலுக்கு வெளிய பாக்கிய? அங்க ஒண்ணுமில்ல, ரப்பர் மரம். இங்க பாருங்க. இவ்வளவு நேரம் கதை கேட்டாச்சு. ஓசியிலயா? ஒரு இருவது ரூவா எடுங்க. எனக்கில்ல! எனக்கு எதுக்கு? அந்த வெள்ளிக்கிழமை வாற தாடிக்காரனுக்கு. அவனும் அதுல ஒரு பங்க டப்பால போட்டுட்டுப் போவான், உங்களுக்கு ரெட்டைப் புண்ணியம். நீங்க எறங்குற வரைக்கும் இந்த பஸ்ஸுக்கும் சேத்துக் காவல், அதுக்குத் தனியாக் காசு கேக்கல. மீனு ஆறுகதுக்கு முன்ன பைய அவுப்போம். ஒரு துண்டு உங்களுக்கு. ஒரு துண்டு... சரி, எனக்கும் ஒரு துண்டு.

நெய்யாற்றின்கரை வந்துட்டு. எடுங்க சார் சீக்கிரம். கண்டிப்பாக் குடுத்துருவேன். என்னைக்குன்னு மட்டும் கேக்காதிய.